பள்ளியும் தெருவும்: பாமாவின் படைப்புகளில் ஓர் ஆசிரியையின் குரல்

முன்னுரை

தமிழில் தலித் இலக்கியம் பற்றிய ஆய்வுகளில் பாமாவின் பெயர் தவறாது இடம்பெறுகிறது. 1992இல் வெளிவந்த ‘கருக்கு’, தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் தன்வரலாறு என்று பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளது. அந்நூலைத் திறனாய்வாளர்கள் பெரும்பாலும் மூன்று கோணங்களிலிருந்து அணுகியுள்ளனர். ஒன்று, சாதியொடுக்குமுறையின் ஆவணமாகக் காணும் தலித்தியக் கோணம். இரண்டு, ஒடுக்கப்பட்டோருள்ளும் ஒடுக்கப்பட்டவளாகிய பெண்ணின் குரலைத் தேடும் பெண்ணியக் கோணம். மூன்று, திருச்சபைக்குள் நிலவும் சாதியை வெளிப்படுத்திய நூலாகக் கொள்ளும் சமயவியல் கோணம். இம்மூன்றும் தேவையானவையே. ஆயினும் பாமா தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த தொழில் ஆசிரியத் தொழில் என்னும் உண்மை, இவ்வாய்வுகளில் பெரும்பாலும் வாழ்க்கைக் குறிப்பாக மட்டுமே நின்றுவிடுகிறது.

பாமாவின் நூல்களை ஓர் ஆசிரியையின் நூல்களாகப் படிக்கும்போது அவற்றின் அமைப்பும் மொழியும் மேலும் தெளிவாகின்றன என்பதே இக்கட்டுரையின் கருத்து. இக்கருத்தை இந்நாட்டுத் தமிழாசிரியர்கள்முன் வைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ப்பள்ளிகளில் இன்று பயிலும் பிள்ளைகளுள் கணிசமானோர் தோட்டப்புறத்திலிருந்து பெயர்ந்து வந்த குடும்பங்களின் வழித்தோன்றல்கள். அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சையும் நினைவையும் வகுப்பறை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் வினா, பாமாவின் நூல்கள் எழுப்பும் வினாவோடு நெருங்கிய தொடர்புடையது.

வாழ்வும் காலமும்

பாமாவின் இயற்பெயர் பௌஸ்தீனா மேரி பாத்திமா ராணி. அவர் 1958இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள புதுப்பட்டியில், கிறித்தவத்தைத் தழுவிய பறையர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை இராணுவத்தில் பணியாற்றியவர். திறனாய்வாளரும் நாவலாசிரியருமான ராஜ் கௌதமன் (1950–2024) அவருடைய தமையனார். பட்டப்படிப்பையும் ஆசிரியப் பயிற்சியையும் முடித்த பாமா, கன்னியர் நடத்திய பள்ளியொன்றில் ஆசிரியையாகப் பணியைத் தொடங்கினார். ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யும் வழி துறவே என்று கருதித் துறவு மடத்தில் சேர்ந்தார். அங்கே வறியோர்க்கான பணி பேச்சளவில் நிற்பதையும், வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கே பள்ளிகள் நடப்பதையும், மடத்துக்குள்ளும் சாதி உயிர்த்திருப்பதையும் கண்டார். 1992இல் மடத்தை விட்டு வெளியேறினார். கையில் பணமும் வேலையும் இல்லாத அக்காலத்தில், தம் வாழ்வைத் தாமே திரும்பிப் பார்த்து எழுதியதே ‘கருக்கு’. பின்னர் காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர்ப் பகுதியிலுள்ள சிற்றூர்ப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக விளங்கினார்.

‘கருக்கு’ வெளிவந்த காலச்சூழலும் நோக்கத்தக்கது. அம்பேத்கர் நூற்றாண்டான 1991ஐ ஒட்டித் தமிழகத்தில் தலித் அரசியலும் பண்பாட்டு விவாதமும் புதிய வேகம் பெற்றன. அதற்கு முன்பே ஈழத்தில் கே. டானியல் ‘பஞ்சமர்’ முதலான நாவல்களையும், தமிழகத்தில் பூமணி ‘பிறகு’ நாவலையும் எழுதியிருந்தனர். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ 1989இல் வெளிவந்திருந்தது. எனவே தலித் வாழ்வை எழுதிய முதல்வர் பாமா என்று கூறுதல் பொருந்தாது. புனைவின் மறைவு இன்றி, தன்மையிடத்தில் நின்று, பேச்சுத்தமிழிலேயே முழு நூலையும் எழுதிய துணிவே அவருடைய முதன்மை.

‘சங்கதி’ (1994), ‘கிசும்புக்காரன்’ (1996), ‘வன்மம்’ (2002), ‘ஒரு தாத்தாவும் எருமையும்’ (2003), ‘மனுசி’ (2011) ஆகியவை பாமாவின் பிற நூல்களுள் குறிப்பிடத்தக்கவை. இலட்சுமி ஓம்சுத்ரோமின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘கருக்கு’ 2000ஆம் ஆண்டுக்கான கிராஸ்வேர்ட் விருதைப் பெற்றது. 2024இல் தமிழ்நாடு அரசு பாமாவுக்கு ஔவையார் விருது வழங்கியது.

தமையனின் கூற்றும் நூலின் சோதனையும்

‘கருக்கு’ நூலில் பலராலும் எடுத்துக்காட்டப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. பள்ளி விட்டு வீடு திரும்பும் சிறுமி, தன் தெருவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தின்பண்டப் பொட்டலத்தை அதன் கட்டுநூலைப் பிடித்துத் தூக்கியபடி நடந்து வருவதைக் காண்கிறாள். பொட்டலத்தில் கைபடாமல் அதனை நிலவுடைமையாளரிடம் அவர் நீட்டும் காட்சி அவளுக்குச் சிரிப்பை ஊட்டுகிறது. வீட்டில் அதனை வேடிக்கையாகச் சொல்லும்போது தமையன் சிரிக்கவில்லை. கைபட்டால் தீட்டு என்பதால்தான் அவர் அவ்வாறு தூக்கி வந்தார் என்று விளக்குகிறார். பிறிதொரு சமயம், நன்றாகப் படித்து முன்னேறினால் இழிவு தானே அகலும் என்றும் அறிவுறுத்துகிறார்.

இந்நிகழ்ச்சியைச் சாதியுணர்வு தோன்றும் கணமாகவே பலரும் விளக்கியுள்ளனர். நாம் தமையனின் அறிவுரையைக் கூர்ந்து நோக்க விரும்புகிறோம். ‘படித்தால் மதிப்பு வரும்’ என்பது தமையன் மட்டும் கூறும் கருத்தன்று. ஒடுக்கப்பட்ட குடும்பங்கள் பலவற்றிலும், இந்நாட்டுத் தோட்டப்புற வீடுகள் பலவற்றிலும், தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டு வந்த வாக்கு அது. ‘கருக்கு’ நூலின் பின்வரும் பகுதிகள் அனைத்தையும் இவ்வாக்கின்மீது நடத்தப்பெறும் தொடர்ச்சியான சோதனையாகக் கொள்ளலாம்.

அவ்வாக்கு ஓரளவு மெய்ப்படுகிறது. ஊர் நூலகத்தில் தமையன் தம் கையொப்பத்தோடு முதுகலைப் பட்டத்தையும் சேர்த்து எழுதியவுடன் அங்குள்ள பணியாளர் அமர்வதற்கு இருக்கை கொண்டுவந்து போடுகிறார். அச்செய்தி சிறுமியின் மனத்தில் ஆழப் பதிகிறது. அவளும் ஊக்கத்தோடு படித்து முதன்மை பெறுகிறாள். பிற பிள்ளைகளும் அவளோடு நட்புக் கொள்கின்றனர்.

ஆயின் அதே பள்ளியில் தேங்காய் ஒன்றைத் திருடியதாக அவள்மீது பழி சுமத்தப்படுகிறது. பல பிள்ளைகள் கூடி விளையாடிய இடத்தில் விழுந்த காய்க்கு அவள் ஒருத்தியே குற்றவாளியாக்கப்படுகிறாள். தலைமையாசிரியர் அவளுடைய சாதியைச் சொல்லி எல்லாருக்கும் முன்னே இழித்துரைக்கிறார். அழுதுகொண்டே வகுப்பறைக்குள் நுழையும் சிறுமியின் நிலை, கல்வி மதிப்பைத் தரும் என்னும் வாக்கைக் கல்விக்கூடமே பொய்யாக்குவதைக் காட்டுகிறது. மேற்படிப்புக் காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் எழுந்து நிற்குமாறு வகுப்பில் பணிக்கப்படும் நிகழ்ச்சியும் இத்தகையதே. உதவி செய்வதற்காகவே எழச் சொல்கின்றனர் என்பது உண்மை. எழுந்து நிற்பவர்களின்மீது பிறர் கண்கள் படியும் முறையை உதவுவோர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேருந்தில் அருகே அமர்ந்த பெண், அவள் எந்தத் தெருவினள் என்று அறிந்தவுடன் வேறிடம் தேடிச் செல்கிறாள். பட்டம் பெற்ற பின்னும், ஆசிரியையான பின்னும், துறவாடை அணிந்த பின்னும் இச்சோதனை ஓய்வதில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்தரும். தமையனார் ராஜ் கௌதமன் 2002இல் வெளியிட்ட ‘சிலுவைராஜ் சரித்திரம்’ தன்வரலாற்றுத் தன்மை கொண்ட நாவல். அதன் தலைவன் மிகுதியாகப் படிக்கிறான். ஆயினும் வேலை கிட்டாமல் அலைகிறான். இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, அட்டவணைச் சாதித் தகுதியைக் கிறித்தவத் தலித்துகளுக்கு வழங்கவில்லை. அதனால் அவன் இறுதியில் இந்துவாக மாறிச் சான்றிதழ் பெற முற்படுகிறான். அங்கதம் மிகுந்த அந்நாவலிலும் படிப்பு மட்டும் போதவில்லை என்பதே முடிவு. ஒரே வீட்டிலிருந்து எழுந்த இரு நூல்கள், ஒரே நம்பிக்கையை வெவ்வேறு வழிகளில் சோதித்து நெருங்கிய முடிவுகளுக்கு வந்துள்ளன.

இச்சோதனையின் பயனாகப் பாமா கல்வியை மறுத்துவிடவில்லை என்பதே முக்கியம். மடத்தை விட்டு வந்தபின் அவர் மீண்டும் சென்று சேர்ந்த இடம் வகுப்பறையே. கல்வி தானாகவே விடுதலை தந்துவிடாது. அதனை விடுதலைக்குரியதாக்க ஒருவர் உள்ளே நின்று போராட வேண்டும் என்பதே அவருடைய வாழ்வும் எழுத்தும் சேர்ந்து உணர்த்தும் பொருள் எனலாம்.

தெருவே பள்ளியாதல்

‘கருக்கு’ நூலில் இரண்டு பள்ளிகள் உள்ளன. ஒன்று சுவரும் மணியும் உடையது. மற்றொன்று தெரு. ஊரைச் சூழ்ந்த மலைகளின் பெயர்களும் குளங்களின் பெயர்களும் நூலின் தொடக்கத்திலேயே வரிசையாக இடம்பெறுகின்றன. பள்ளியிலிருந்து வீட்டுக்குச் செல்லும் வழியில் சிறுமி நின்று நின்று பார்க்கும் கடைவீதிக் காட்சிகள் நீண்ட பட்டியலாக விரிகின்றன. விறகு பொறுக்குதல், நிலக்கடலை ஆய்தல், களை எடுத்தல் போன்ற வேலைகளின் முறைகள் துல்லியமாக விளக்கப்படுகின்றன. பிள்ளைகளின் விளையாட்டுகளும் அவ்வாறே. அவ்விளையாட்டுகளில் பெரியோரின் உலகம், அதன் ஏற்றத்தாழ்வுகளோடு, அப்படியே நடித்துக் காட்டப்படுகிறது.

இப்பட்டியல்களைச் சிலர் நூலின் கட்டுக்கோப்பைத் தளர்த்துவனவாகக் கருதலாம். நாம் அவற்றை ஒரு பாடத்திட்டமாகக் காண்கிறோம். எந்த அறிவைப் பள்ளி அறிவாக மதிக்கவில்லையோ அந்த அறிவை ஆசிரியை ஒருவர் எழுத்தில் நிலைபெறச் செய்கிறார். ஒரு பெண்பிள்ளை பள்ளிக்கு வருமுன்பே எவ்வளவு கற்றிருக்கிறாள் என்பதற்கு இப்பகுதிகள் சான்று. நிலவுடைமையாளர் வீட்டில் உழைத்து மிச்சச் சோற்றை வாங்கிவரும் பாட்டியிடமிருந்தும் அவள் கற்கிறாள். பாட்டியின் உழைப்பை வியக்கவும், பாட்டியின் பணிவை மறுக்கவும் கற்கிறாள்.

‘சங்கதி’ இம்முறையை மேலும் விரிவாகக் கையாள்கிறது. அந்நூலில் தொடர்ச்சியான ஒரு கதை இல்லை. பல பெண்களின் செய்திகளே அடுத்தடுத்து வருகின்றன. நிலவுடைமையாளனின் தீய எண்ணத்திலிருந்து தப்பிய மாரியம்மா, அவன் முந்திக்கொண்டு கூறிய பொய்யினால் ஊர்ப் பஞ்சாயத்தில் தண்டம் கட்ட நேர்கிறது. பள்ளியில் இருக்க வேண்டிய வயதில் மைக்கண்ணி தீப்பெட்டித் தொழிற்சாலையில் உழைக்கிறாள். இவற்றையெல்லாம் பாட்டி சொல்கிறாள், பேத்தி கேட்கிறாள். கேட்டதோடு நில்லாமல் ஏன் என்று வினவுகிறாள். பாட்டியின் விடை போதாதபோது எதிர்வாதம் புரிகிறாள்.

செய்தி, வினா, உரையாடல், முடிவு என்னும் இவ்வொழுங்கு வகுப்பறைக்கு மிகவும் அறிமுகமானது. பாமாவின் வலிமையும் மெலிவும் இங்கேதான் உள்ளன. பாட்டியும் பேத்தியும் வழக்காடும் இடங்களில் இருவருடைய கருத்துக்கும் நூல் இடம் கொடுக்கிறது. வாசகரும் வழக்கில் சேர்ந்துகொள்கிறார். ஆயின் சில இயல்களின் இறுதியில் பேத்தி பேசுவதை நிறுத்தி ஆசிரியை பேசத் தொடங்குகிறார். நிகழ்ச்சியே உணர்த்திவிட்ட பொருள், அறிவுரையாக மீண்டும் கூறப்படுகிறது. ‘கருக்கு’ நூலின் பிற்பகுதியில் மடத்து வாழ்வைப் பற்றிய கண்டனங்கள் திரும்பத் திரும்ப வருவதும் இவ்வகைக் குறையே. மாணவர் புரிந்துகொண்டாரோ இல்லையோ என்னும் ஆசிரியரின் நெடுநாள் கவலை எழுத்துக்குள்ளும் புகுந்துவிட்டது போலும். இக்குறையைச் சுட்டாமல் பாமாவைப் பாராட்டுவது அவருக்குச் சலுகை காட்டுவதாகும். சலுகையை அவருடைய எழுத்து எங்கும் கேட்கவில்லை.

சிவப்பு மையும் பேச்சுத்தமிழும்

பாமாவின் மொழி பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். உரையாடலில் மட்டும் பேச்சுவழக்கைப் பயன்படுத்துவது தமிழ்ப் புனைகதையில் பழகிப்போன முறை. ஆசிரியர் கூற்றிலும் வட்டார வழக்கைக் கையாண்டு கி. ராஜநாராயணன் போன்றோர் வழிகாட்டினர். பாமா அவ்வழியில் வந்தவர் எனினும் அவர் செய்தது வேறு. கதைசொல்லியின் குரல் நாட்டுப்புறத்தை விரும்பிக் கேட்கும் ஒருவரின் குரலன்று. அப்பேச்சுக்காகவே பள்ளியிலும் விடுதியிலும் இழிவுபட்ட ஒருவரின் குரல். எழுத்திலக்கண விதிகளையும் எழுத்துக்கூட்டலையும் பாமா மீறுவதை அவருடைய மொழிபெயர்ப்பாளரும் எடுத்துக்காட்டியுள்ளார்.

நூல்களின் பெயர்களே போதிய சான்று. ‘சங்கதி’ என்பது தெருவில் புழங்கும் சொல். ‘கிசும்பு’ என்பதனைக் ‘குசும்பு’ என்றும் வழங்குவதுண்டு; பாமா தம் ஊர் வடிவத்தையே தலைப்பில் ஏற்றினார். வடவெழுத்தோடு எழுதப்படும் வடிவத்தை விடுத்து ‘மனுசி’ என்றே பெயரிட்டார். ஒரு மாணவி தன் கட்டுரையில் இவ்வாறு எழுதியிருந்தால் பெரும்பாலான வகுப்பறைகளில் சிவப்பு மை பாய்ந்திருக்கும். சிவப்பு மையைக் கையில் வைத்திருந்த ஒருவரே, விதி அறியாமையால் அன்று, விதியை நன்கறிந்து அதற்கு மாறாக எழுதினார் என்பதில்தான் இம்மொழிநடையின் பொருள் அடங்கியுள்ளது. எழுத்துத்தமிழ், பேச்சுத்தமிழ் என்னும் இரட்டை வழக்கு இயல்பான மொழிநிலையாக மட்டும் தொழிற்படவில்லை. யார் எழுதலாம், யாருடைய வாழ்வு எழுத்துக்குத் தகுதியுடையது என்பதையும் அது தீர்மானித்து வந்துள்ளது என்பதை அவர் செயலில் காட்டினார்.

சொல்லின் அதிகாரத்தை அவருடைய ‘அண்ணாச்சி’ என்னும் சிறுகதை நுட்பமாகக் காட்டுகிறது. தலித் இளைஞன் ஒருவன் நிலவுடைமையாளரை ‘ஐயா’ என்றோ ‘முதலாளி’ என்றோ அழைக்காமல் ‘அண்ணாச்சி’ என்று அழைத்துவிடுகிறான். அடியும் தடியும் இல்லை. ஓர் உறவுச்சொல் மட்டுமே. அதுவே பஞ்சாயத்து வரை செல்லும் பெருங்குற்றமாகிறது. உறவுச்சொல்லால் பிறரை அழைப்பது தமிழரின் பண்பு என்று பாடநூல்களில் பெருமையாகக் கற்பிக்கிறோம். அப்பண்பு எந்த எல்லைக்கோட்டில் நின்றுவிடுகிறது என்பதை இச்சிறிய கதை வினவுகிறது. ‘பொன்னுத்தாயி’ என்னும் கதையில் கணவனின் கொடுமையை விட்டு விலகிய பெண், தாலியை விற்றுக் கடை வைக்கிறாள். மங்கலச் சின்னம் முதலீடாக மாறும் இம்முடிவைப் பாமா எவ்வித அலங்காரமும் இன்றிக் கூறுகிறார். அவருடைய சிறுகதைகளில் அறிவுரைக் குரல் ஓரளவு அடங்கியிருப்பதால் கலையமைதி கூடியிருக்கிறது என்பது நம் கருத்து.

பிறநாட்டு ஒப்பீடு

தாய்மொழியில் எழுதிய முன்னோடிப் பெண்ணும் ஆசிரியையும் ஒருவராகவே அமைவது தமிழுக்கு மட்டும் உரியதன்று. தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சிறுநாடான லெசோத்தோவில், செசோத்தோ மொழியில் நூல் வெளியிட்ட முதல் பெண் எழுத்தாளராகப் போற்றப்படுபவர் மாசெச்செலே காக்கெட்லா (1918–2012). அவரும் ஆசிரியை. தலைநகரான மசேருவில் ஒரு பள்ளியையும் நிறுவினார். 1954இல் வெளிவந்த அவருடைய நாடகத்தின் தலைப்பு, ஆதாம் இறைவனிடம் ஏவாளைக் குறித்து முறையிடும் விவிலியத் தொடரிலிருந்து எடுக்கப்பட்டது. பழி முழுவதையும் பெண்ணின்மேல் சுமத்தும் தொடரை ஒரு பெண்ணே தலைப்பாக்கினார்.

அந்நாட்டில் அச்சும் கல்வியும் சமயப் பரப்புநர்களின் வழியே வந்தன. மொரிஜா என்னும் ஊரிலிருந்த அவர்களுடைய அச்சகமே எந்நூல் வெளிவரலாம் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது. தாமசு மொஃபோலோவின் புகழ்பெற்ற ‘சாக்கா’ நாவல் நெடுங்காலம் காத்திருந்து 1925இலேயே அச்சேறியது. பாமாவுக்கும் கல்வி தந்தது திருச்சபை. காயம் தந்ததும் அதுவே. ‘கருக்கு’ என்னும் தலைப்பைப் பனைமட்டையின் இருபுறமும் கூரிய விளிம்போடும், விவிலியம் கூறும் இருபுறமும் கருக்குள்ள வாளோடும் இணைத்து அவர் தம் முன்னுரையில் விளக்குகிறார். தமக்குக் கற்பிக்கப்பட்ட நூலின் சொல்லையே எடுத்துக் கற்பித்தோரை நோக்கித் திருப்பும் உரிமை, அந்நூலைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நிலையை அடைந்தவர்களுக்கு எளிதில் கைகூடுகிறது போலும். இருவர் வாழ்வும் ஒன்றே என்று நாம் கூறவில்லை. காக்கெட்லா எதிர்கொண்ட சமூகத்தில் தமிழகத்துச் சாதியமைப்பு இல்லை. எனினும் தாய்மொழி, பள்ளி, சமய நிறுவனம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடத்தில் பெண் எழுத்து தோன்றியது என்னும் ஒற்றுமை எண்ணத்தக்கது.

இந்நாட்டுச் சூழலில் பாமா

மலேசியத் தமிழாசிரியர் பாமாவை ஏன் படிக்க வேண்டும்? இங்கே அத்தகைய சாதிக் கொடுமை இல்லையே என்று கூறுவோர் உளர். தமிழகச் சிற்றூரின் நிலை அப்படியே இங்கில்லை என்பது மெய். ஆயின் கங்காணி முறையில் மலாயாவுக்கு ஆள் திரட்டப்பட்டபோது உறவும் ஊரும் சாதியும் வழியாகவே ஆட்கள் திரட்டப்பட்டனர். தோட்டங்கள் சிலவற்றில் குடியிருப்பு வரிசைகளும் சாதி நோக்கிப் பிரிந்திருந்தன என்பதை வரலாற்றாய்வுகள் பதிவு செய்துள்ளன. 1929–30இல் பெரியார் மேற்கொண்ட மலாயாப் பயணத்தின் பின் இங்கே சீர்திருத்த இயக்கம் வேரூன்றியதும், அதற்கு வேலை இருந்தது என்பதனையே காட்டும். பின்னாளில் சாதி பேசப்படாத பொருளாயிற்று. பேசாமை பல வேளைகளில் நாகரிகம். சில வேளைகளில் மறைப்பு. திருமணப் பேச்சில் மட்டும் தலைகாட்டும் ஒன்றை இல்லை என்று சொல்லிவிட இயலாது.

கல்வியின் நிலையும் கருதத்தக்கது. 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்த தோட்டங்களில் பள்ளி அமைக்குமாறு பணித்தது. அவ்வாறு தோன்றிய பள்ளிகள் பலவற்றில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ கிராணியோ தொழிலாளியோதான் ஆசிரியர். அவ்வளவு எளிய தொடக்கத்திலிருந்து வளர்ந்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளைக் கொண்டுள்ளது இந்நாடு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டிக் கோ. சாரங்கபாணி முன்னெடுத்த ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தோட்டத் தொழிலாளரும் தம் பங்கை வழங்கினர். இந்திய ஆய்வியல் துறையின் நூலகத்தில் அமர்ந்து நாம் பேசும் செந்தமிழுக்குப் பின்னால், செந்தமிழ் பேசாதவர்களின் கூலிப்பணம் இருக்கிறது. அவர்களுடைய பேச்சைக் கொச்சை என்று ஒதுக்குவது கடனை மறப்பதாகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புப் பகுதிகளாக மாறியும் போன பின்னர், அம்மக்கள் கிள்ளான் முதலிய நகரங்களின் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். தொடர்வண்டித் துறைப் பணியாளர் குடியிருப்புகளோடு வளர்ந்த பிரிக்பீல்ட்சின் தமிழும், பால்மரம் வெட்டியோரின் தமிழும் ஒன்றல்ல. இவ்வேறுபாடு நகர வகுப்பறைகளில் இன்றும் கேட்கிறது. ‘தொரை’, ‘கிராணி’, ‘பிரட்டு’, ‘லயம்’ என்னும் சொற்களில் ஒரு வரலாறே தங்கியிருக்கிறது. அச்சொற்களோடு வரும் பிள்ளையிடம் அச்சொற்களைத் திருத்த முற்படுமுன் அவற்றின் கதையைக் கேட்க வேண்டும். சீ. முத்துசாமி ‘மண்புழுக்கள்’ (2006) நாவலில் தோட்டப்புற வாழ்வையும் பேச்சையும் இலக்கியமாக்கினார். அந்நாவலோடு ‘கருக்கு’ நூலை ஒப்பிட்டுப் படிப்பிக்கும் பாடம் ஒன்று நம் உயர்கல்வி வகுப்புகளுக்கு ஏற்றதாகும்.

இதற்கு எதிர்ப்பு எழக்கூடும். பிள்ளைகளுக்குத் தேர்வு உண்டு. தேர்வு கேட்பது எழுத்துத்தமிழை. பேச்சுத்தமிழுக்கு இடம் கொடுத்தால் இரண்டும் கெடும் என்று ஆசிரியர்கள் அஞ்சலாம். இவ்வச்சம் புறக்கணிக்கத்தக்கதன்று. எழுத்துத்தமிழைச் செம்மையாகக் கற்பது ஒடுக்கப்பட்ட பிள்ளைக்கும் உரிமையே. அதனைக் கற்பிக்காமல் விடுவது மற்றொரு வகை அநீதியாகும். பாமாவே செந்தமிழ் கற்றுத் தேர்ந்த பின்னரே அதனை விட்டு விலகி எழுதினார். எனவே ஒன்றை நீக்கி மற்றொன்றை வைக்குமாறு நாம் கூறவில்லை. கட்டுரைக்கு ஒரு நடையும், தன் பாட்டியிடம் கேட்ட செய்தியை எழுதுவதற்கு மற்றொரு நடையும் உண்டு என்பதைப் பிள்ளை அறியட்டும். இரண்டாவதில் சிவப்பு மை குறுக்கிடாதிருக்கட்டும்.

பாடத்திட்டத்தில் ஒரு நூல் இடம்பெறுவதும் நீக்கப்படுவதும் சிறிய செய்தியன்று. 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் தன் ஆங்கில இளங்கலைப் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளையும் மகாசுவேதா தேவியின் சிறுகதையையும் நீக்கியது. ஆசிரியர்கள் பலர் அதனைக் கண்டித்தனர். நீக்கும் அளவுக்கு ஓர் எழுத்து ஆற்றல் பெற்றிருப்பதைப் பிறர் உணர்ந்திருக்கும்போது, அது நம் மொழியிலேயே இருந்தும் நாம் படியாதிருத்தல் பொருந்தாது.

முடிவுரை

‘கருக்கு’ வெளிவந்த தொடக்கத்தில் தம் சொந்த ஊர் மக்களே மனவருத்தம் கொண்டதைப் பாமா நேர்காணல்களில் கூறியுள்ளார். தங்கள் இழிவைப் பிறர் அறியச் செய்துவிட்டாள் என்பது அவர்களுடைய குறை. பின்னர் இளைஞர்கள் அதனைப் படித்து மூத்தோர்க்கு எடுத்துரைத்தபோது அவ்வருத்தம் தணிந்தது. பள்ளியிலிருந்து வந்த எழுத்து, பள்ளிக்குச் சென்ற பிள்ளைகளின் வழியாகவே தெருவுக்குத் திரும்பிச் சென்றது.

தமையன் கூறிய வாக்குக்கு நூல் அளிக்கும் விடையை இவ்வாறு தொகுத்துக் கூறலாம்: படிப்பால் மதிப்பு வரலாம், வராமலும் போகலாம், ஆயின் படித்தவர் தம் தெருவின் பேச்சை மறவாமல் எழுதினால் அத்தெருவுக்கு ஒரு சான்று கிடைக்கிறது. தோட்டத்து லயங்களின் நினைவுடைய மூத்தோர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் நம் வகுப்பறைகளில் அமர்ந்துள்ளனர். அவ்விருவரையும் எழுத்தில் இணைக்கும் வாய்ப்பு, பிறரைவிடத் தமிழாசிரியர்க்கே மிகுதி. பாமாவின் நூல்கள் அவ்வாய்ப்பின் அருமையையும், அதனைக் கைக்கொள்ளத் தேவைப்படும் துணிவையும் ஒருங்கே உணர்த்துகின்றன.